முகத்துவாரம் தூராத கணினி

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் வீடியோ தொகுக்க வீட்டுக் கணினிக்கு என்ன வேண்டும்?

பழவேற்காட்டு ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல்நீரும் ஏரிநீரும் கலக்கும் அந்தக் குறுகிய வாய் மணலால் தூர்ந்துவிட்டால், ஏரி எத்தனை பரந்து கிடந்தாலும் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு கடலுக்குப் போகாது, தேங்கிய நீரில் மீன் பெருகாது என்பது கரையில் வளரும் சிறுவர்களுக்கும் தெரிந்த உண்மை. டிஜிட்டல் வீடியோவைத் தொகுக்கும் வீட்டுக் கணினிக்கும் இதே விதிதான். சேமிப்பகத்திலிருந்து நினைவகத்துக்கும், அங்கிருந்து புராசசர் எனப்படும் மையச் செயலிக்கும், கிராபிக்ஸ் பகுதிக்கும், முடிவில் திரைக்கும் ஓடும் தரவு, வழியில் எந்த இடத்தில் மிகக் குறுகிய வாயைச் சந்திக்கிறதோ அந்த இடத்தின் வேகமே முழுக் கணினியின் வேகமாகிறது. மற்ற உறுப்புகளுக்குக் கொட்டிக் கொடுத்த பணமெல்லாம் அந்த வாய்க்கு முன்னால் தேங்கி நின்றுவிடுகிறது. ஆகவே எந்தக் கணினியை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எத்தகைய காட்சி தொகுக்கப்படுகிறது, அது எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

ஏரியும் கேமராவும்

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து, ஸ்ரீஹரிகோட்டா தீவால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளது. அதன் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அமைந்திருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் ஏரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றன. 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும், எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டங்களும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகளும் வெளியூர்க் கேமராக்களை ஓயாமல் இங்கே இழுத்து வருகின்றன. ஆனால் சேற்றுநீரில் அமர்ந்து கைகளால் இறால் தடவும் இருளர் பெண்களின் உழைப்பையும், முகத்துவாரம் அடைபட்ட நாள்களின் வெறுமையையும், வலை கட்டும் கையின் நுணுக்கத்தையும் உள்ளிருந்து பதிவு செய்யக்கூடியவர்கள் இந்த ஊர்களின் மக்களே.

தமிழகக் கடற்கரை இதற்கு முன்மாதிரிகளைக் கண்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூரின் 'உங்கள் மீனவன்', தூத்துக்குடியின் 'தூத்துக்குடி மீனவன்' போன்ற யூடியூப் அலைவரிசைகள், மீனவரே தம் தொழிலைத் தம் பேச்சுமொழியில் படம்பிடித்துக் காட்டினால் கடலைப் பார்த்திராத உள்நாட்டுத் தமிழரும் அமர்ந்து பார்ப்பார்கள் என்பதை நிறுவின. 2017-இல் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்', பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைக் காட்சியாக்கி நகரத்தாரின் கண்முன் நிறுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, நாள், இடம், வரிசை ஆகியவை தெளிவாகத் தெரியும்படி ஒழுங்குசெய்யப்பட்ட காட்சிப் பதிவு மீனவருக்கு எத்துணைப் பெரிய சான்று என்பது மீண்டும் விளங்கியது. கைப்பேசி இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. ஆயினும் தொகுக்கப்படாத காட்சி கைப்பேசியின் சேமிப்பகம் நிறைந்ததும் அழிக்கப்பட்டு மறைகிறது. பதிவுக்கும் படத்துக்கும் இடையே நிற்பது படத்தொகுப்பு, அதற்கு வேண்டியது ஒரு நல்ல கணினி.

அரங்கிலிருந்து வீட்டுக்கு

1971-இல் அமெரிக்காவில் உருவான சிஎம்எக்ஸ் 600 என்னும் கருவி, காட்சிகளை வரிசைக் கட்டுப்பாடு இன்றி எந்த இடத்திலிருந்தும் எடுத்துக் கோக்கும் முறையைத் தொடங்கிவைத்தது என்றாலும், பெரும் நிறுவனங்கள் மட்டுமே அதை வாங்கக்கூடியனவாக இருந்தன. 1989-இல் வந்த அவிட் கருவி திரைப்படத் தொகுப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தது; தமிழில் 1994-இல் வெளியான 'மகாநதி' அக்கருவியில் தொகுக்கப்பட்டது. அன்று தனி அறையும் குளிரூட்டியும் பல லட்சம் ரூபாயும் கேட்ட பணியை, இன்று கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் சாதாரண வீட்டுக் கணினியில் செய்ய இடம் தருகின்றன. மென்பொருளின் விலை சுழியமாகிவிட்ட நிலையில், எஞ்சியிருக்கும் தடை வன்பொருள் ஒன்றே.

ஒரு நொடிக் காட்சியின் எடை

வீடியோ என்பது நொடிக்கு 25, 30 அல்லது 60 என்ற கணக்கில் ஓடும் நிலைப்படங்களின் தொடர். அந்த ஒவ்வொரு படமும் பிரேம் எனப்படுகிறது. முழு எச்டி எனப்படும் அளவில் ஒரு பிரேமுக்குள் 20,73,600 புள்ளிகளும், 4கே அளவில் 82,94,400 புள்ளிகளும் அடங்கியுள்ளன. புள்ளி ஒன்றின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வீதம் கணக்கிட்டால், சுருக்கப்படாத ஒரு 4கே பிரேம் சுமார் 25 எம்பி ஆகும். நொடிக்கு 30 பிரேம் எனில் ஏறத்தாழ 746 எம்பி, ஒரு நிமிடத்துக்கு 44 ஜிபிக்கும் மேல். ஆனால் கைப்பேசி அதே ஒரு நிமிடத்தைப் பெரும்பாலும் 170 முதல் 350 எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. நூறு மடங்குக்கும் மேலான இந்தச் சுருக்கத்தைச் செய்வது கோடெக் எனப்படும் சுருக்கமுறை. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகிய இரண்டும் இன்று பரவலாக வழங்குபவை.

இவ்விரு முறைகளும் எல்லாப் பிரேம்களையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முழுப் பிரேம் ஒன்றை வைத்துவிட்டு, அடுத்து வருபவற்றில் எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகின்றன. காட்சியைத் தொடக்கத்திலிருந்து பார்த்துச் செல்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. தொகுப்பவரோ நடுவில் ஏதோ ஒரு பிரேமில் நிற்கவும், பின்னோக்கி நகரவும், வெட்டவும் வேண்டியிருப்பதால், அவர் சுட்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கணினி முந்தைய முழுப் பிரேமைத் தேடிச் சென்று, அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி அந்தப் படத்தை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. திரை திக்கித் திக்கி நகர்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஏரிக் காட்சிகளுக்கு இதில் தனிச் சுமை ஒன்று உண்டு. சுவரின் முன் அமர்ந்து பேசுபவரைப் படமெடுத்தால் உதடும் கையும் மட்டுமே அசைவதால் குறிக்க வேண்டிய மாற்றம் சொற்பம். அலை மினுங்கும் நீர்ப்பரப்பிலோ, ஆயிரம் சிறகுகள் ஒருசேர எழும் பூநாரைக் கூட்டத்திலோ ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது. அதைத் தெளிவாகக் காக்க நொடிக்கு அதிகத் தரவு தேவைப்படுகிறது, குறைத்தால் நீர் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது. மேலும், ஆடும் பைபர் படகிலிருந்து எடுத்த காட்சியின் அசைவை மென்பொருளால் நிலைப்படுத்தும்போது, ஒவ்வொரு பிரேமையும் அடுத்ததோடு ஒப்பிட்டு நகர்வை அளக்கும் வேலையும் கணினியின் தலையில் விழுகிறது. ஆதலால் அறைக்குள் எடுத்த பேட்டியைத் தொகுக்கப் போதுமான கணினி, ஏரிமேல் எடுத்த காட்சிக்குத் தடுமாறுவதில் வியப்பில்லை.

மையச் செயலி: வயதே முதல் தகுதி

சுருக்கத்தைப் பிரிக்கும் வேலையைப் பொதுக் கணக்கீட்டுப் பகுதிகளிடம் விடாமல், அதற்கெனவே செதுக்கப்பட்ட சிறு சுற்றுகளிடம் ஒப்படைக்கும் வசதி இன்றைய மையச் செயலிகளில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் குவிக் சிங்க் என்ற பெயரில் 2011-இல் இதை அறிமுகப்படுத்தியது. புதிய கைப்பேசிகள் சில பயன்படுத்தும் 10 பிட் எச்.265 கோப்புகளைப் பிரிக்கும் திறன், 2017-ஐ ஒட்டி வந்த அதன் 7-ஆம் தலைமுறைச் செயலிகளில்தான் முழுமை பெற்றது. எனவே பழைய உயர்விலைச் செயலியைக் காட்டிலும் அண்மைக்கால நடுத்தரச் செயலி கைப்பேசிக் காட்சிகளை எளிதாகக் கையாள்வது இயல்பு. சென்னை ரிச்சி தெருவிலோ பொன்னேரிக் கடையிலோ பழைய அலுவலகக் கணினியை விலை பேசுபவர், 'ஐ7' என்ற எழுத்தை மட்டும் பார்க்காமல் அது எத்தனையாவது தலைமுறை என்பதைக் கேட்டறிய வேண்டும். இன்டெல் செயலிகளின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் பகுதி இருக்காது; குவிக் சிங்க் வசதியும் இருக்காது. விலை சற்றுக் குறைவு என்பதற்காக அதை வாங்குபவர், தனி கிராபிக்ஸ் கார்டும் வாங்கியே தீர வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

முழு எச்டி தொகுப்புக்கு, கோர் எனப்படும் கணக்கீட்டுப் பகுதிகள் 4 முதல் 6 வரை கொண்ட அண்மைக்காலச் செயலி போதும். 4கே காட்சிகளை அடுக்கடுக்காக வைத்து, அசைவு நிலைப்படுத்தலும் நிறத்திருத்தமும் செய்பவருக்கு 8 கோர்கள் அளவில் இருப்பது நல்லது.

ரேமும் எஸ்எஸ்டியும்

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம், வேலை நடக்கும் வேளையில் தேவையானவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் பரப்பி வைக்கும் இடம். நிறத்தை நுட்பமாகக் கணக்கிடும் மென்பொருள்கள் ஒரு புள்ளிக்கு 16 பைட் வரை எடுத்துக்கொள்வதுண்டு; அக்கணக்கில் ஒரு 4கே பிரேம் சுமார் 133 எம்பி இடத்தைப் பிடிப்பதால், ஒரே ஒரு நொடிக் காட்சியை விரித்து வைக்கவே 4 ஜிபி தேவைப்படுகிறது. இயங்குதளமும் திறந்திருக்கும் பிற மென்பொருள்களும் போக 8 ஜிபி கணினியில் எஞ்சுவது எவ்வளவு என்பதை இதிலிருந்து உணரலாம். முழு எச்டிக்கு 16 ஜிபி நிறைவான அளவு, 4கேக்கு 32 ஜிபி. 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடுவதைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டாகப் போட்டால் தரவு இரு வழிகளில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

சேமிப்பகத்தில், சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி அளவிலும், சுழலும் பகுதியற்ற எஸ்எஸ்டிகளில் சாட்டா வகை 500 எம்பியை ஒட்டியும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 2,000 எம்பிக்கு மேலும் படிக்கக்கூடியவை. ஹார்டு டிஸ்க்கின் உண்மையான குறை, பல கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்கும்போது அதன் ஊசி இங்குமங்கும் அலைவதில் இருக்கிறது. மூன்று காட்சிகளும் ஒரு பாட்டும் டைம்லைன் எனப்படும் தொகுப்பு வரிசையில் சேர்ந்துவிட்டால் அதன் வேகம் அடியோடு சரிந்துவிடும். ஆகவே இயங்குதளமும் நடப்புப் பணியும் எஸ்எஸ்டியிலும், முடிந்த படங்களின் காப்பு ஹார்டு டிஸ்க்கிலும் இருப்பது சிக்கனமும் பயனும் கூடிய ஏற்பாடு. பலரும் கவனிக்காத இன்னொரு குறுகிய வாய் யுஎஸ்பி துளை: 64 ஜிபி மெமரி கார்டைப் பழைய யுஎஸ்பி 2.0 துளை வழியாக நகலெடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். நீல நிற உட்பகுதி கொண்ட யுஎஸ்பி 3 துளையும் அதற்கேற்ற கார்டு ரீடரும் இருந்தால் அது கால் மணிக்குள் முடிந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டும் திரையும்

வெட்டி ஒட்டுவதும், எழுத்துப் போடுவதும், ஒலியைச் சீர்செய்வதும் மட்டுமே பணி எனில் செயலிக்குள் அடங்கிய கிராபிக்ஸே போதும். டாவின்சி ரிசால்வ் போல நிறத்திருத்தம் முழுவதையும் கிராபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கும் மென்பொருளுக்கு மட்டும் தனி கார்டு பேருதவி. அதன் சொந்த நினைவகம் முழு எச்டிக்கு 4 ஜிபியாகவும், 4கேக்கு 8 ஜிபியாகவும் இருக்க வேண்டும். திரையைப் பொறுத்தவரை விலை மலிவான லேப்டாப்களின் விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்ற குறிப்பு காணப்படுவதுண்டு. அது நிறங்களை வெளிறிக் காட்டும் திரை. அதில் பூநாரையின் இளஞ்சிவப்பு மங்கித் தெரிவதைக் கண்டு தொகுப்பாளர் நிறத்தைக் கூட்டிவிட, அதே படம் பார்ப்பவரின் கைப்பேசியில் செக்கச்செவேலென்று கண்ணைக் குத்தும். எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முழுமையாகக் காட்டும் ஐபிஎஸ் திரை கிடைக்காவிட்டால், இறுதிப் படத்தைப் பதிவேற்றுமுன் இரண்டு மூன்று கைப்பேசிகளில் ஓட்டிப் பார்த்துத் திருத்துவது கட்டாயம்.

இருப்பதைக் கொண்டு: பிராக்ஸி

புதிய கணினி வாங்க வழியில்லாத வீடுகளுக்கு இத்துறையின் மிகப் பெரிய கொடை பிராக்ஸி என்னும் பதிலிக் கோப்பு முறை. மூலக் காட்சிகளைத் தனியே பத்திரமாக வைத்துவிட்டு, அவற்றின் சிறிய நகல்களை உருவாக்கி அவற்றைக் கொண்டே தொகுத்து, முடிவில் இறுதிப் படத்தை எடுக்கும்போது மட்டும் மென்பொருள் மூலக் கோப்புகளுக்குத் திரும்புமாறு செய்வதே இம்முறை. 960-க்கு 540 புள்ளிகள் கொண்ட நகலில், 4கே பிரேமின் புள்ளிகளில் 16-இல் ஒரு பங்கே இருக்கும். அந்த நகல் ஒவ்வொரு பிரேமையும் முழுமையாக வைக்கும் கோடெக்கில் இருந்தால், முந்தைய பிரேமைத் தேடி ஓடும் வேலையும் இல்லாமல் போகும். கேடென்லைவ், ஷாட்கட், ரிசால்வ் ஆகிய மூன்றிலும் இவ்வசதி உள்ளது. நகல்கள் உருவாக நேரம் பிடிக்கும் என்றாலும், இரவில் ஓடவிட்டுக் காலையில் தொகுப்பில் அமரலாம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் முதல் கணினியைக் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்ட ஒரு மடிக்கணினி 4கே காட்சியை நேரடியாகத் தொகுக்கத் திணறும். பிராக்ஸி முறையில் அதே காட்சியைத் தடையின்றித் தொகுக்கும். கைப்பேசிகள் ஒளிக்கேற்பப் பிரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிவதால் உதட்டசைவும் பேச்சும் விலகிப்போகும் குறையையும், ஹேண்ட்பிரேக் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் நிலையான பிரேம் வீதத்துக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்வதன் மூலம் தீர்க்கலாம்.

உப்பு, வெக்கை, மின்வெட்டு

கடலோர வீட்டின் கணினிக்கு நகரத்து வழிகாட்டிகள் சொல்லாத பகை ஒன்று உண்டு. காற்றில் கலந்து வரும் உப்புத் துகள்களை மின்விசிறிகள் கணினிக்குள் இழுத்துப் படியவைக்கின்றன; காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிவிடுகிறது. ஏரிக்கரையில் இரவுதோறும் இந்த அளவு எட்டப்படுவது இயல்பாகையால், செப்பு இணைப்புகளில் பச்சை பூப்பதும், ரேம் குச்சியின் பொன்னிறப் பற்களில் கறை படர்ந்து கணினி திடீரென எழ மறுப்பதும் இங்கே வழக்கமான பழுதுகள். மின் இணைப்பைத் துண்டித்து, குச்சியைக் கழற்றி, மென்மையான அழிரப்பரால் அந்தப் பற்களைப் பதமாகத் தேய்த்துப் பொருத்தினால் கணினி மீண்டும் உயிர்பெறுவதைப் பழுதுபார்ப்போர் அனைவரும் அறிவர். கடல் பார்த்த சன்னலிலிருந்து கணினியைத் தள்ளி வைப்பது, விசிறித் துளைகளின் வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைப்பது, வாரக்கணக்கில் அணைத்துப் போடாமல் அடிக்கடி இயக்கி உள்ளீரத்தை உலர்த்துவது ஆகிய மூன்றும் செலவில்லாத காப்புகள்.

கத்திரி வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் லேப்டாப், தன் சூட்டைத் தணிக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த செயலியும் அப்போது மலிவான செயலியின் வேகத்தில்தான் ஓடும். காற்றோட்டமுள்ள டெஸ்க்டாப் பெட்டி இவ்வகையில் மேலானது, பழுது பார்க்கவும் எளிது. அதனுடன், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் ஒரு யுபிஎஸ் இருப்பது மிக அவசியம், ஏனெனில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் கோப்பு சிதைவது மட்டுமின்றி வட்டே பழுதாகலாம். புயலும் வெள்ளமும் புதிதல்லாத கரையில், ஒவ்வொரு படத்துக்கும் மூன்று படிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்ற விதியைப் பின்பற்றுவது நன்று. பொன்னேரியிலோ சென்னையிலோ உள்ள உறவினர் வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்த ஒரு ஹார்டு டிஸ்க் அதற்குப் போதும்.

தூர்ந்த இடத்தைக் கண்டறிதல்

செலவிடும் முன் தடையைக் கண்டறிய, தொகுப்பு திக்கும் வேளையில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தல் வேண்டும். வட்டின் அளவுகோல் 100 சதவீதத்தில் நிற்க, செயலி சும்மா இருந்தால், எஸ்எஸ்டி தேவை. நினைவகம் நிரம்பி வழிந்தால் ரேம் தேவை. செயலி முழுதாக உழைக்க, வீடியோ டிகோட் என்ற அளவுகோல் சுழியத்தில் கிடந்தால், அந்தக் கோடெக்கைப் பிரிக்கும் சுற்று கணினியில் இல்லை அல்லது மென்பொருளில் இயக்கப்படவில்லை; பிராக்ஸியே உடனடித் தீர்வு. இந்தச் சோதனையைச் செய்யும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் எஸ்எஸ்டியும், அடுத்து 16 ஜிபி ரேமும், பிறகு யுபிஎஸ்ஸும் என்ற வரிசையே பொருந்தும். கிராபிக்ஸ் கார்டும் புதிய கணினியும் அதற்குப் பிந்திய பேச்சு.

பாடு முறையில் ஒரு கணினி

ஏரியில் வளமான வலையிடும் இடங்களை எல்லாரும் ஒரே நேரத்தில் மொய்த்துச் சண்டையிடாமல், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைப் பழவேற்காட்டு மீனவர் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். பத்து வீடுகள் தனித்தனியே பத்து வலுவற்ற கணினிகளை வாங்கித் திணறுவதைவிட, ஊர்ப் பொதுவில் 32 ஜிபி ரேமும் நல்ல திரையும் யுபிஎஸ்ஸும் கொண்ட ஒரே கணினியை நிறுவி, வீட்டில் பிராக்ஸியில் தொகுத்ததை அங்கே முறைவைத்து நிறம் திருத்தி இறுதிப்படுத்தும் வழக்கத்துக்கு இந்த மண்ணிலேயே இலக்கணம் இருக்கிறது. ஆயினும் பாடு முறை எல்லாரையும் அணைத்ததில்லை. பாட்டுரிமை இல்லாதவர்களின் குறை ஏரிக்கரையில் நெடுநாளாக ஒலித்து வருவது. ஆதலால் கணினியின் பாடு முறையில், ஏரியின் பாடு முறையில் இடம்பெறாதோருக்கும், இறால் தடவும் இருளர் பெண்களுக்கும், வலை பின்னும் முதியோருக்கும் முறை ஒதுக்கப்பட வேண்டும். அவர்களின் காட்சி உள்ளே வரவும் வெளியே போகவும் வழியிருந்தால்தான், அந்தக் கணினியின் முகத்துவாரம் தூராமல் இருக்கிறது என்று சொல்ல முடியும்.